கொல்லிமலையில் வாங்கிய கடன்

கொல்லிமலையில் நெல்வயல்கள் படிப்படியாகச் சரிவில் இறங்கும். மேல்வயலில் நிறைந்த தண்ணீர் மடை வழியாகக் கீழ்வயலுக்கும், அங்கிருந்து அதற்கும் கீழே உள்ள வயலுக்கும் என ஓடையை எட்டும்வரை போய்க்கொண்டே இருக்கும். 1920-ஐ ஒட்டிய காலத்தில் ஒருநாள், மலைப் பையன்கள் சிலர் அப்படியொரு வயலில் இறங்கித் தவளை பிடித்துக்கொண்டிருந்தார்கள். யார் அதிகம் பிடிப்பது என்று போட்டி. நாற்று மிதிபட்டது, சேறு கலங்கியது, கலங்கல் தண்ணீர் மடை தாண்டிக் கீழே வழிந்தது. அந்த வயல்களின் தண்ணீருக்குக் காவலாக இருந்த முதியவர் வரப்பில் வருவதைப் பார்த்ததும் பையன்கள் வெலவெலத்துப் போனார்கள்.

தாத்தா அடிக்கவில்லை. குனிந்து ஒரு கை சேற்றை அள்ளினார். இது என்ன என்று கேட்டார். சேறு என்றார்கள். யாருடைய சேறு என்று கேட்டார். உங்களுடையதுதான் தாத்தா என்றார்கள். அவர் மடையைக் காட்டினார். அங்கே ஓடும் தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். தெளிந்த தண்ணீர் ஓடினால் மண் தங்கும்; பழுப்புத் தண்ணீர் ஓடினால் சோறே ஓடுகிறது என்று அர்த்தம். தன் பாட்டன் காலத்திலிருந்து அந்த ஒரு கை மண் தன் குடும்பத்துக்குச் சோறு போட்டு வருவதையும், ஓடையில் இறங்கிவிட்டால் அது ஒருநாளும் மலையேறி வராது என்பதையும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இனி இப்படிச் செய்ய மாட்டோம் என்று பையன்களிடம் வாக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பையன்களில் ஒருவன் வெள்ளைக்காரச் சிறுவன். 1914 ஜூலை 17-ல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, கொல்லிமலையிலேயே தமிழ் பேசி வளர்ந்தவன். பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை நிமிர்த்தி உலகப் பெயர் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் அவர்தான். எழுபது வயதைத் தொட்ட பிறகு, 1980-களில், அந்தத் தாத்தாவைப் பற்றி அவர் ஒரு கட்டுரையே எழுதினார். மண்ணைக் காப்பாற்ற அரசுகளின் மனத்தை மாற்ற முடியும் என்றால் மருத்துவத்தை நாளைக்கே விட்டுவிடவும் தயார் என்று அதில் சொன்னார். பரிசுகளும் பட்டங்களும் வாங்கிய ஒரு சர்ஜன், எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத ஒரு மலைவாசியைத் தன் ஆசானாக நினைவில் வைத்திருந்தார்.

பிராண்டின் நினைவுகளைப் படிக்கிறவர்களுக்கு இது ஒரு வழக்கம் என்பது சீக்கிரம் புரிந்துவிடும். ஊழிய வரலாறுகள் பெரும்பாலும் கொடுத்தவர் பக்கத்திலிருந்தே எழுதப்படுகின்றன. இத்தனை பள்ளிகள், இத்தனை படுக்கைகள், இத்தனை ஆத்துமாக்கள் என்று கணக்கு நீளும். பெற்றுக்கொண்டவர்கள் பெயரில்லாத கூட்டமாகப் பின்னால் நிற்பார்கள். பிராண்டின் கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கம்தான் நிறைந்து வழிகிறது. யாரிடமிருந்து என்ன கற்றார், எந்த நோயாளி எந்தத் தப்பெண்ணத்தைத் திருத்தினார் என்று எழுதிக்கொண்டே போகிறார். தாழ்மை என்று அவர் தனியாக எதையும் பிரசங்கிக்க வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு வாங்கியவருக்கு நிமிர்ந்து நடக்க இடமே கிடைக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இந்தப் புத்தி அவருக்குப் பிறந்த வீட்டில் வந்தது.

தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் எவலின். 1913-ல் மணம் முடித்துக் கொல்லிமலை ஏறியவர்கள். கீழ்நாட்டுக்காரர்கள் மலைக்காய்ச்சலுக்குப் பயந்து அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத காலம் அது. இன்றைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பஸ் ஏறுகிறது. அன்று நடை, அல்லது டோலி. ஜெஸ்ஸிக்கு ஓராண்டு மருத்துவப் பயிற்சி மட்டும் உண்டு. அதை வைத்துக்கொண்டு பல் பிடுங்கினார், கட்டி கீறினார், காலிலிருந்து நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி இழுத்தார். கிணற்றுக்குள் காலை நனைக்காமல் தண்ணீர் எடுக்கும்படி சுவர் கட்டிக் கொடுத்தார். தச்சுவேலை சொல்லிக்கொடுத்தார், பட்டுப்பூச்சி வளர்த்தார், பள்ளிக்கூடங்கள் திறந்தார். மக்கள் மருந்து வாங்கிக்கொண்டார்கள்; சுவிசேஷத்தை வாங்கிக்கொள்ளவில்லை. ஊர்ப் பூசாரி ஒருவரின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஆண்டுகள் ஓடியும் ஒருவர்கூடச் சபையில் சேரவில்லை.

1918-ல் தொடங்கிய இன்புளுயன்சா மலையையும் விடவில்லை. வீடு வீடாக ஜனங்கள் விழுந்தார்கள். நோய் கண்ட வீட்டுப் பக்கம் உறவுக்காரர்களே போகப் பயந்தபோது ஜெஸ்ஸியும் எவலினும் அரிசிக் கஞ்சி காய்ச்சி ஊர் ஊராக எடுத்துப் போனார்கள். எதிர்த்து நின்ற பூசாரியும் அவர் மனைவியும் நோயில் படுத்தார்கள். தேடிப் போனவர்கள் இந்த இருவர்தான். சாகும் தறுவாயில் பூசாரி தன் பிள்ளைகளை மிஷனரிகளின் கையில் ஒப்படைத்தார். மனம் மாறிய மலை, அந்தப் பிள்ளைகளைப் பிராண்ட் தம்பதியர் வளர்ப்பதைப் பார்த்துத்தான் மாறியது. இந்தச் சம்பவத்தை ஊழிய வெற்றி என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அதில் நம்பிக்கை வைத்த முதல் ஆள் அந்தப் பூசாரிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். தன் ஜென்ம விரோதியிடம் பெற்ற பிள்ளையைக் கொடுப்பதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும்! மிஷனரிகள் ஆண்டுக்கணக்கில் தேடிய விசுவாசத்தை அந்த எதிராளி அவர்கள் கையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

பாலுக்கு ஒன்பது வயதானபோது படிப்புக்காக இங்கிலாந்தில் விடப்பட்டார். அதன்பிறகு அவர் தந்தையைப் பார்க்கவே இல்லை. வாரந்தோறும் கடிதங்கள் மட்டும் கப்பலில் வந்தன. 1929 ஜூன் 15-ல், 44 வயதில், ஜெஸ்ஸி மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். தந்தி உடனே போய்விட்டது. கடிதங்கள் கப்பல் வேகத்தில்தான் போயின. இறந்துபோன தகப்பனின் கடிதங்கள் வாரக்கணக்கில் மகனுக்கு வந்துகொண்டே இருந்தன. கடைசியாக வந்த கடிதத்தில் மலையுச்சியில் காற்றில் குதிரையேறிப் போனதை ஜெஸ்ஸி எழுதியிருந்தார். தாவரவியல் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. கண்ணைத் திறந்து பார், பார்த்ததை நினைவில் வை, இப்படியோர் அழகிய பூமியில் உன்னை வைத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே இரு என்பதுதான் அதன் சாரம். பதினான்கு வயதுப் பையன், தகப்பனை இழந்த துக்கத்தின் நடுவே, நன்றி சொல்லும்படி தகப்பன் எழுதிய கடிதத்தைப் படிக்கிறான். பால் பிராண்டின் எல்லாப் புத்தகங்களுக்கும் வேர் இந்த ஒரு கடிதத்தில் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

எவலினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லண்டனில் வசதியான வியாபாரக் குடும்பத்தில் 1879-ல் பிறந்தவர். ஓவியம் படித்தவர், பட்டும் லேசும் உடுத்திப் பழகியவர். கணவர் போனபின் மலைக்குத் திரும்பி அவர் விட்ட வேலையைத் தொடர வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை. அனுப்பிய சங்கம் சம்மதிக்கவில்லை. தனியாக ஒரு விதவை மலையில் எப்படி இருப்பார் என்ற கவலை அவர்களுக்கு. சமவெளியில் வேலை கொடுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் அதைச் செய்தார். எழுபதை நெருங்கியபோது ஓய்வு பெறச் சொன்னார்கள். இன்னும் ஒரே ஒரு வருஷம் கொடுங்கள், அதன்பிறகு தொந்தரவு செய்ய மாட்டேன் என்று மன்றாடி வாங்கினார். அந்த ஒரு வருஷத்தில் மலையில் ஒரு சிறு வீடு கட்டத் தேவையானதைச் சத்தமில்லாமல் சேர்த்துக்கொண்டார். வருஷம் முடிந்து பிரிவுபசாரம் நடந்தபோது, சங்கத்திலிருந்து ஓய்வு பெறுகிறேன், மலைக்குப் போகிறேன் என்று அறிவித்தார். எல்லாரும் வாயடைத்துப் போயிருப்பார்கள். சொன்னபடியே போனார்.

அவருக்கும் ஜெஸ்ஸிக்கும் ஒரு பழைய கனவு உண்டு. கொல்லி, பச்சை, கல்வராயன், பெரியமலை, சித்தேரி என்று ஐந்து மலைத்தொடர்களுக்கும் மருந்தும் சுவிசேஷமும் போக வேண்டும் என்பது. ஊரார் ஓய்வெடுக்கும் வயதில் எவலின் அந்தக் கனவை எடுத்துக்கொண்டார். மலைக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். குதிரையிலிருந்து பலமுறை விழுந்தார். நிற்க முடியாதபோது இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்தார். எழுபத்தைந்து வயதில் வீட்டில் தனியாக விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரவெல்லாம் தரையிலேயே கிடந்தார். காலையில் வேலைக்காரர் ஒருவர் கண்டெடுத்தார். நான்கு பேர் கயிற்றுக் கட்டிலில் வைத்து மலையிறக்கினார்கள். அங்கிருந்து வேலூருக்கு ஜீப்பில் பல மணி நேரம் குலுங்கிக் குலுங்கிப் பயணம்.

மகன் டாக்டராயிற்றே. இனியாவது கீழே வந்துவிடுங்கள் அம்மா என்று காரணங்களை அடுக்கினார். உடைந்த எலும்பு, காய்ச்சல், வயிற்றுநோய், வழியில்லாத மலை, ஆளில்லாத வீடு. நானும் வந்துவிட்டால் அந்த ஜனங்களை யார் பார்ப்பார்கள், உபயோகப்படாத இந்தக் கிழ உடம்பைப் பத்திரப்படுத்தி வைத்து என்ன பயன் என்று அவர் திருப்பிக் கேட்டார். மகனிடம் பதில் இல்லை. அவர் மலைக்குத் திரும்பிப் போய் மேலும் இருபது ஆண்டு வாழ்ந்தார். 1974-ல், 95-ஆம் வயதில் இறந்தபோது, மலையிலேயே கணவரின் பக்கத்தில் புதைத்தார்கள்.

கடைசி இருபது ஆண்டுகளில் அவர் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். வீழ்ச்சிகளிலும் காய்ச்சல்களிலும் சுருங்கி வளைந்த உடம்பு. ஆனால் முகத்தில் அழகு குறையவில்லை என்று மகன் சத்தியம் செய்கிறார். அந்த முகத்தை அவர் மலை ஜனங்களின் கண்களில்தான் பார்த்துக்கொண்டார். நம் காலத்து ஊழியத்துக்கு இந்தச் செய்தி தைக்கவேண்டிய இடத்தில் தைக்கும். சேலை கொடுக்கும்போது ஒரு போட்டோ, கண் பரிசோதனை முகாமில் ஒரு போட்டோ, கொடுத்தவர் பெயர் பொறித்த கல்வெட்டு என்று கண்ணாடிகள் பெருகிவிட்ட காலம் இது. படம் எடுப்பதே பாவம் என்று யாரும் சொல்ல வரவில்லை. கணக்குக் காட்ட வேண்டிய இடத்தில் காட்டத்தான் வேண்டும். ஆனால் தன் முகத்தையே தேடிப் பழகிய கண்ணுக்கு எதிரே நிற்கிறவரின் முகம் தெரிவதில்லை. இதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பால் பிராண்ட் நேராக மருத்துவத்துக்கு வந்தவர் அல்லர். தந்தையைப்போல் மிஷனரியாகி வீடும் பள்ளிக்கூடமும் கட்ட வேண்டும் என்ற எண்ணத்தில், இங்கிலாந்தில் சில ஆண்டுகள் கொத்துவேலையும் தச்சுவேலையும் கற்றார். பிறகு மிஷனரிகளுக்கான மருத்துவப் பயிற்சியில் இருந்தபோது, விபத்தில் ரத்தமிழந்து பிணம்போல் வெளுத்துக் கிடந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் ஏற்றுவதைப் பார்த்தார். கன்னத்தில் சிவப்பு ஏறியது. அந்தப் பெண் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். அந்த இரவுதான் அவரை டாக்டராக்கியது. லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அறுவைச் சிகிச்சை பழகி, 1946-ல் வேலூர் வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் கண் டாக்டரான மனைவி மார்கரெட்டும் பின்னாலேயே வந்தார்.

தொழுநோயியல் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அடுத்த ஆண்டு அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். வழியெல்லாம் மடங்கிய விரல்கள், மொட்டைக் கைகள், புண்ணான பாதங்கள். இவை ஏன் இப்படி ஆகின்றன என்று பிராண்ட் கேட்டார். தோல் டாக்டரான என்னைக் கேட்கிறீர்களே, எலும்பு டாக்டர் நீங்கள் அல்லவா சொல்ல வேண்டும் என்ற பொருளில் காக்ரேன் மடக்கினார். இத்தனை லட்சம் பேரை முடமாக்கும் நோயை ஓர் எலும்பு சர்ஜன்கூட எட்டிப் பார்க்கவில்லையே என்ற ஆதங்கம் அவருக்கு. பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தன் கையைக் கொடுத்து, முடிந்தமட்டும் அழுத்துங்கள் என்றார். அசைவற்றுக் கிடக்கும் என்று நினைத்த கை இரும்புப் பிடியாகப் பிடித்தது. நகம் பதிந்து வலியில் கையை உதறிக்கொண்டார். தசையில் பலம் இருக்கிறது; அப்படியானால் கையை நிமிர்த்த வழியும் இருக்கிறது. அவருடைய வாழ்நாள் வேலையைத் தொடங்கிவைத்தது அந்த நோயாளியின் பிடிதான். வலிக்கிறது என்பதே அந்த நோயாளிக்குத் தெரியாது.

தொழுநோயில் சதை தானாக அழுகி விரல் உதிர்கிறது என்றுதான் அன்று டாக்டர்களும் நம்பினார்கள். இதை உடைத்ததில் ஒரு சிறுவனுக்குப் பங்கு உண்டு. துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருப்ப முடியாமல் பிராண்ட் திணறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற நோயாளிப் பையன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியதைப் பார்த்த பிறகுதான், சாவி அவன் விரலை எலும்புவரை அறுத்திருந்தது தெரிந்தது. பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் பலசாலி அல்லன். போதும் நிறுத்து என்று சொல்ல அவனுக்கு வலி இல்லை, அவ்வளவுதான். சதையில் குற்றமில்லை, நரம்பு உணர்வை இழந்ததில்தான் குற்றம் என்பது அங்கிருந்து படிப்படியாக உறுதிப்பட்டது. அதன்பிறகு பிராண்டும் நோயாளிகளும் சேர்ந்து ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். சுத்தியல் பிடி உராய்ந்ததா, கொதிக்கும் டம்ளரா, செருப்பில் துருத்திய ஆணியா? பெரும்பாலான புண்களுக்குக் காரணம் கிடைத்தது. இரவில் விரல் காணாமல் போவதற்கு மட்டும் கிடைக்கவில்லை. காவலுக்கு ஆள் வைத்துப் பார்த்தபோது, தூங்குகிறவரின் விரலை எலி வந்து கடித்தது தெரிந்தது. வலி இல்லாததால் அவர் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை. அதிலிருந்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு நோயாளியும் ஒரு பூனையைக் கொண்டுபோக வேண்டும் என்று விதி வந்தது.

கை அறுவைச் சிகிச்சைகள் வெற்றி பெற்றன. முன்கையிலிருந்து நல்ல தசைநாணைத் திருப்பி, காலிலிருந்து எடுத்த மெல்லிய நாணை அதனோடு இணைத்து, நான்காகப் பிரித்து நான்கு விரல்களுக்கும் ஓட்டும் முறை அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆனால் முதலில் குணமாகி வீட்டுக்குப் போனவர்களில் ஒருவர் வாடிய முகத்தோடு திரும்பி வந்து, இந்தக் கைகள் பிரயோஜனமில்லை என்றார். மடங்கிய கைக்குப் பிச்சை விழுந்தது. நிமிர்ந்த கைக்கு விழவில்லை. தொழுநோய் வந்தவன் என்பதால் வேலையும் இல்லை, தங்க இடமும் இல்லை. இன்னொரு டாக்டராக இருந்தால் நன்றிகெட்ட பேச்சு என்று முகம் சுளித்திருப்பார். பிராண்ட் அந்தச் சொல்லை நோயறிதலாக எடுத்துக்கொண்டார். கையை நிமிர்த்தி ஆளை நிமிர்த்தாமல் விட்டது தன் வேலையின் குறை என்று ஒப்புக்கொண்டார். அப்படித்தான் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் எழுந்தது. வாத நோயால் அவதிப்பட்ட வயதான மிஷனரி அம்மையார் ஒருவர் தம் சேமிப்பை எடுத்துக் கொடுத்தார். வெள்ளையடித்த சிறு குடிசைகளும் ஒரு தச்சுப் பட்டறையும். லண்டனில் வீணாகப் போயிற்று என்று அவர் நினைத்திருந்த தச்சுப் படிப்பு அங்கே உயிர்பெற்றது. நோயாளிகள் மரப் பொம்மைகள் செய்தார்கள், விற்றார்கள், பிழைத்தார்கள்.

அங்கிருந்த இளைஞர் ஒருவர் கை தேறிய மகிழ்ச்சியில் வாரக்கடைசிக்குச் சென்னையில் குடும்பத்தாரிடம் போனார். முதல் இரவே எலி கடித்துவிட்டது. மறுநாள் தூங்கக்கூடாது என்று அரிக்கேன் விளக்கடியில் புத்தகத்தோடு உட்கார்ந்தார். கண்ணயர்ந்ததும் மற்றக் கை சூடான விளக்கில் சாய்ந்து வெந்துபோனது. இரண்டு கைகளிலும் கட்டோடு வந்து நின்றவரைப் பார்த்து டாக்டரும் சேர்ந்து அழுதார். பல ஆண்டுகள் கழித்து அதே மனிதர், தொழுநோய் வந்ததற்கு நன்றி சொல்கிறேன், வராவிட்டால் பணம் பதவி என்று ஓடியிருப்பேன், இவ்வளவு அன்பானவர்களைச் சந்தித்திருக்க மாட்டேன் என்று சொன்னார். எழுதிப் படிக்க எளிதான வாக்கியம் இது. அந்தக் கைகளை வைத்துக்கொண்டு சொல்ல எளிதல்ல.

பிராண்டுக்கும் அப்படியோர் இரவு வந்தது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் லண்டனில் தங்கினார். காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்வு இல்லை. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தொழுநோயாளிகளோடு அத்தனை ஆண்டு பழகியவர், தனக்கும் வந்துவிட்டது என்று முடிவு செய்தார். மனைவியை, பிள்ளைகளைப் பிரிய வேண்டும். அறுவைச் சிகிச்சை இனி இல்லை. இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் மறுபடி ஊசியை எடுத்துக் குத்தினார். வலித்தது! நீண்ட ரயில் பயணத்தில் நரம்பு மரத்துப் போயிருந்தது, வேறொன்றுமில்லை. அந்தச் சுரீர் வலியைப்போல் இனித்தது எதுவுமில்லை என்று எழுதினார். வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும் பழக்கம் அன்றிலிருந்து அவரை விடவில்லை. இத்தனை நாளும் தன் நோயாளிகள் எந்தப் பயத்தோடு படுத்து எழுந்தார்கள் என்பது அந்த ஓர் இரவில்தான் உடம்பில் பட்டது.

தொழுநோயாளிகளின் ஜெபக்கூட்டம் ஒன்றில் திடீரென்று அவரைப் பேசச் சொன்னார்கள். எதிரே தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் கைகளை மடியிலும் துணியிலும் மறைத்திருந்ததைக் கவனித்த பிராண்ட், கைகளைப் பற்றியே பேசினார். இயேசுவின் கைகள் குழந்தைக் கைகளாக இருந்தன. பிறகு உளி பிடித்துக் காய்த்த தச்சன் கைகள். நோயாளிகளைத் தொட்ட கைகள். ஆணி அடித்தபோது அவையும் நரம்பறுந்து மடங்கிப்போயிருக்கும் என்று ஒரு கை டாக்டராக எடுத்துச் சொன்னார். உயிர்த்தெழுந்த பின்னும் அந்தத் தழும்புகளை அவர் மறைக்கவில்லை என்றார். கூட்டம் முடிந்து எல்லாரும் கும்பிட்டபோது, ஒருவரும் கையை மறைக்கவில்லை.

கற்பவராகவே இருந்தவரிடம் கற்றவர்களும் பலர். அவர்களில் ஒருவர் கேரளத்தைச் சேர்ந்த இளம் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதித்து இடுப்புக்குக் கீழே செயலிழந்து போனார். முகத்திலும் தழும்பு. வாழ்க்கை முடிந்தது என்று கிடந்தவரிடம் பிராண்ட், உட்கார்ந்தபடி செய்யக்கூடிய அறுவைச் சிகிச்சை ஒன்று உண்டு, கை அறுவைச் சிகிச்சை, என்று யோசனை சொன்னார். சக்கர நாற்காலியில் வந்து தொழுநோயாளிகளின் கைகளை அவர் சீர்செய்தார். டாக்டரே நடக்க முடியாதவர் என்று கண்டதும் நோயாளிகளுக்கு வந்த தைரியத்தை எந்த மருந்தும் தந்திருக்காது. பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூரில் அதற்கென ஒரு துறையை உருவாக்கினார். 1966-ல் மறுவாழ்வு நிலையமும் திறக்கப்பட்டது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

பிராண்டுக்கு 1960-ல் லாஸ்கர் விருது, மறு ஆண்டு பிரிட்டிஷ் அரசின் சி.பி.இ. பட்டம். இவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை, அவரும் சொன்னதில்லை. 1966-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போய் இருபது ஆண்டு பணிசெய்தார். ஓய்வுக்குப் பின் சியாட்டிலில் வாழ்ந்து, 2003 ஜூலை 8-ல் காலமானார். தான் மருத்துவம் பார்த்த இடங்களில் பணம் சேரவில்லை, சேர்ந்ததெல்லாம் நோயாளிகளாக வந்து நண்பர்களானவர்கள்தான், அந்தச் சந்தோஷத்துக்கு எந்தச் செல்வமும் ஈடில்லை என்று முதுமையில் சொன்னார். இந்தியா வரும்போதெல்லாம் அந்தப் பழைய நண்பர்களைப் பார்ப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே பழக்கதோஷத்தில் கை அவர்கள் கையைப் பிடித்துப் புண் இருக்கிறதா என்று தேடும்.

அவர் வாங்கிய கடன் இன்னொரு வழியாக நம்மிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. வேலூருக்கு அருகே 1955-ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனையில், உணர்வற்ற பாதத்துக்கு எந்தச் செருப்பு ஏற்றது என்று பல பொருள்களைப் போட்டுப் பார்த்தார்கள். போட்டு நடந்து காட்டியவர்கள் தொழுநோயாளிகள். கட்டை, தோல், மெழுகு என்று பலதும் முயன்று, கடைசியில் எம்.சி.ஆர். எனப்படும் நுண்ணறை ரப்பர் கைகொடுத்தது. கார்வில்லுக்குப் போன பிராண்ட், சர்க்கரை நோயாளியின் மரத்துப்போன காலும் தொழுநோயாளியின் காலும் ஒரே விதமாகப் புண்ணாவதைக் கண்டு, தமிழ்நாட்டு நோயாளிகளிடம் படித்த பாடத்தை அங்கே சர்க்கரை நோயாளிகளுக்குச் சொன்னார்: தினமும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள், புண்ணிருந்தால் பாரம் வைக்காதீர்கள். இன்று நம் ஊர்ச் சர்க்கரை நோய் டாக்டர்கள் சொல்லும் புத்திமதியும் இதுதான். அவர்கள் எழுதிக் கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பு, கரிகிரியில் அந்தப் பாதங்கள் நடந்து தேர்ந்தெடுத்த அதே ரப்பரில் செய்தது.